மரப்பு ஊசியின் அளவு: மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் வாழ்வு தரும் பாடம்

பேசின் பிரிட்ஜ், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து குழந்தையின் பல் வலிக்காக அரசு மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே வேண்டுகோளை முன்வைக்கின்றனர். குழந்தைக்குச் சொத்தைப் பற்கள் நான்கைந்து இருக்கின்றன. துறைமுகத்துக்கோ கிடங்குக்கோ படகுக்கோ ஒரு நாள் செல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆகவே எல்லாப் பற்களையும் இன்றே பார்த்து முடித்துவிட முடியாதா என்று கேட்கின்றனர். இது நியாயமான கேள்வியே. ஆயினும் பல் மருத்துவர் உடனே இசைவு தெரிவிப்பதில்லை. முதலில் குழந்தையை எடைக் கருவியில் நிறுத்துகிறார்; பிறகு பற்களை இரண்டு அல்லது மூன்று வருகைகளாகப் பிரித்துக் கொள்ளலாம் என்கிறார்.

பல்லுக்கும் உடல் எடைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியந்திருக்கலாம். ஈறில் போடப்படும் மரப்பு ஊசி மருந்து ஈறிலேயே தங்கிவிடுவதில்லை. அது சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்து மூளைக்கும் இதயத்துக்கும் செல்கிறது. அங்கு எவ்வளவு சென்றால் தீங்கில்லை என்பதை உடல் எடையே பெரிதும் முடிவு செய்கிறது. இந்த உண்மை மருத்துவ உலகுக்கு எளிதில் கிட்டிவிடவில்லை. இன்று உங்கள் கீழ்த்தாடையில் போடப்படும் ஊசியின் முறையை முதன்முதலில் செய்து காட்டிய மருத்துவரே, அளவு தெரியாத காலத்தில் அம்மருந்துக்குத் தம்மைப் பலி கொடுத்தவர். அவருடைய வாழ்வை அறிந்தால், உங்கள் மருத்துவர் ஏன் எடை கேட்கிறார், ஏன் சில வேளைகளில் மறுக்கிறார் என்பது உங்களுக்கு விளங்கும்.

இளமையும் கல்வியும்

வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் 1852ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் படிப்பைவிடக் கால்பந்து விளையாட்டிலேயே பெயர் பெற்றார். பட்டம் பெற்ற பின் மருத்துவத்தின் மீது நாட்டம் கொண்டு, 1877இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் இரண்டு ஆண்டுகள் வியன்னா முதலிய ஐரோப்பிய நகரங்களில் தங்கி அறுவை மருத்துவம் பயின்று, 1880இல் தாயகம் திரும்பினார்.

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு ஆகியவற்றைக் குறிக்கும் அட்டை தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகைய அட்டையைத் தாம் பணியாற்றிய நியூயார்க் மருத்துவமனையில் அறிமுகம் செய்தவர்களுள் இளம் ஹால்ஸ்டெட்டும் ஒருவர். எதையும் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்ற பழக்கம் அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தது.

அதே வேளையில் அவர் அச்சமற்றவராகவும் இருந்தார். 1881இல் அவருடைய சகோதரி மகப்பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கால் உயிருக்குப் போராடியபோது, தம் இரத்தத்தையே எடுத்து அவருக்குச் செலுத்திக் காப்பாற்றினார். இரத்த வகைகள் கண்டறியப்படாத காலம் அது. அடுத்த ஆண்டு தம் தாயின் பித்தப்பைக் கற்களை நள்ளிரவு கடந்த நேரத்தில் வீட்டுச் சமையலறை மேசை மீதே அறுவை செய்து அகற்றினார். இரு முறையும் துணிவு உயிரைக் காத்தது. மூன்றாம் முறை அத்துணிவு அவரையே கைவிட்டது.

நரம்பைத் தேடிச் சென்ற ஊசி

1884ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர்கள் கூடினர். கோகேய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகிறது என்ற செய்தி அங்கு செயல்முறையில் காட்டப்பட்டது. அதைக் கண்டறிந்த வியன்னா இளம் மருத்துவர் கார்ல் கோலரிடம் பயணச் செலவுக்குப் பணம் இல்லை. அவருக்காக வேறொருவர் அக்கட்டுரையைப் படித்தார். முழு மயக்கம் கொடுக்காமல், நோயாளி விழித்திருக்கும்போதே வலியின்றி அறுவை செய்ய முடியும் என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது.

அச்செய்தி அக்டோபரில் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அதைப் படித்த ஹால்ஸ்டெட் ஒரு படி மேலே சிந்தித்தார். கோகேய்னை மேற்பரப்பில் தடவுவதற்குப் பதிலாக, உணர்வைக் கொண்டு செல்லும் நரம்பின் அருகே ஊசி மூலம் செலுத்தினால், அந்நரம்பு பரவியுள்ள பகுதி முழுவதும் மரத்துப்போகும் அல்லவா? உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தைத் தெருமுனையில் நிறுத்துவது போன்றது இது. அவரும் அவருடைய உடன்பணியாளர் ரிச்சர்ட் ஹாலும் வேறு சில இளம் மருத்துவர்களும் மாணவர்களும் தங்களையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டு, ஒருவருக்கொருவர் ஊசி போட்டுப் பார்த்தனர்.

சில வாரங்களிலேயே கீழ்த்தாடை எலும்புக்குள் நுழையும் நரம்பினருகே ஹால்ஸ்டெட் மருந்தைச் செலுத்தினார். அந்தப் பக்கத்துப் பற்களும் கீழுதட்டின் பாதியும் மரத்துப்போயின. பல் மருத்துவத்தில் நரம்பைத் தடுத்து மரக்கச் செய்யும் முறை அன்று பிறந்தது. கண்ணுக்குக் கீழே வெளிவரும் நரம்பருகே ஹாலுக்கு ஊசி போட்டு, அவருடைய மேல்வரிசை முன்பல்லை அடைத்துக் காட்டியதும் அக்காலத்தில்தான். 1884 டிசம்பரில் இவை அச்சில் வெளிவந்தன. இன்று உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் முன், வாயின் உட்புறத்தில், பல்லிலிருந்து சற்றுத் தள்ளி ஊசி போடப்படுகிறதே, அது ஹால்ஸ்டெட் காட்டிய வழியே.

அளவு தெரியாத காலம்

அவர்கள் தொடக்கத்தில் பயன்படுத்தியது 4 விழுக்காட்டுக் கோகேய்ன் கரைசல். அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 மில்லிகிராம் மருந்து. எவ்வளவு செலுத்தினால் மரக்கும் என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது. எவ்வளவு வரை செலுத்தலாம் என்ற கேள்வி பின்னுக்குச் சென்றுவிட்டது. தமக்கு ஊசி போட்ட பின் தலைச்சுற்றலும் குமட்டலும் குளிர்ந்த வியர்வையும் ஏற்பட்டதை ஹால் அறிக்கையிலேயே குறித்துள்ளார். மருந்து இரத்தத்தில் மிகுந்துவிட்டது என்று உடல் கொடுத்த எச்சரிக்கை அது. அதன் பொருளை அன்று எவரும் முழுமையாக உணரவில்லை.

கோகேய்னுக்கு மற்றொரு தீய இயல்பும் உண்டு. அது மனத்தைப் பற்றிக் கொள்ளும். மீண்டும் மீண்டும் தங்களிடமே சோதித்த அந்த மருத்துவர்களுள் பலர் அதற்கு அடிமையாயினர். ஹால் நியூயார்க்கை விட்டு நீங்கி, 1897இல் காலமானார். ஹால்ஸ்டெட்டின் சிந்தனையும் சிதறியது. 1885 செப்டம்பரில் கோகேய்ன் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையின் தொடக்கத்தைப் படிப்பவர்களுக்கு, தெளிவாக எழுதக்கூடிய ஒருவர் எழுதியதாக அது தோன்றாது. வாக்கியங்கள் முடிவின்றி ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒரு மருந்தின் நற்பயனைச் சொல்ல வந்த கட்டுரையே அதன் தீங்குக்குச் சான்றாகிவிட்டது.

1886இன் தொடக்கத்தில் அவருடைய நண்பர் வில்லியம் வெல்ச் அவரைப் பாய்மரக் கப்பலில் கடற்பயணம் அழைத்துச் சென்றார். பழக்கம் விடவில்லை. அதே ஆண்டில் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பட்லர் மருத்துவமனையில் அவர் பல மாதங்கள் தங்கினார். மறு ஆண்டும் அங்கு சேர வேண்டியிருந்தது. கோகேய்னிலிருந்து மீட்பதற்காக அவருக்கு மார்ஃபின் கொடுக்கப்பட்டது. ஒன்று போய் மற்றொன்று வந்தது. நியூயார்க்கில் புகழின் உச்சிக்குச் சென்றுகொண்டிருந்த அறுவை மருத்துவரின் வாழ்வு 34 வயதில் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர்.

குறைவான மருந்தே போதும் என்ற கண்டுபிடிப்பு

அந்தக் குழப்பமான ஆண்டிலும் ஹால்ஸ்டெட் ஓர் அரிய உண்மையைக் கவனித்தார். தோலுக்குள் வெறும் நீரைச் செலுத்தினாலும் அவ்விடம் சிறிது நேரம் மரக்கிறது என்று 1885இல் எழுதினார். செறிந்த கரைசல் தேவையில்லை. சரியான இடத்தில் செலுத்தினால் நீர்த்த கரைசலே போதும் என்ற எண்ணத்துக்கு அது வழி திறந்தது. 1892இல் பெர்லினைச் சேர்ந்த கார்ல் ஷ்லைக் 0.1 அல்லது 0.2 விழுக்காட்டளவு நீர்த்த கோகேய்ன் கரைசலைக் கொண்டே அறுவை செய்ய முடியும் என்று காட்டினார். 4 விழுக்காட்டுடன் ஒப்பிட்டால், அதே கொள்ளளவில் மருந்து 20இல் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு.

அடுத்தடுத்த படிகளும் பாதுகாப்பை நோக்கியே சென்றன. 1903இல் ஹைன்ரிக் பிரவுன் என்ற ஜெர்மானிய மருத்துவர் மரப்பு மருந்துடன் அட்ரினலினைச் சிறிதளவு சேர்த்தார். அட்ரினலின் அவ்விடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், மருந்து இரத்தத்தில் மெல்லக் கலக்கிறது, மரப்பும் நீடிக்கிறது. 1904இல் ஆல்பிரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகேய்ன், கோகேய்னைப் போல் மனத்தைப் பற்றாத மருந்தாக அமைந்தது. 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென், பெங்ட் லுண்ட்குவிஸ்ட் ஆகியோர் லிக்னோகேய்னை உருவாக்கினர். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளில் பெரும்பாலும் போடப்படுவது இந்த லிக்னோகேய்னே. அதற்கு அடிமையாகும் அச்சம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் அளவு மீறினால் அதுவும் மூளையையும் இதயத்தையும் தாக்கும் என்பதை மறக்கலாகாது.

பால்டிமோரில் இரண்டாம் வாழ்வு

வெல்ச் தம் நண்பரைக் கைவிடவில்லை. பால்டிமோர் நகரில் தம் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார். 1889இல் அங்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது ஹால்ஸ்டெட் அறுவைப் பிரிவில் பொறுப்பேற்றார். 1892இல் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். முன்பு வேகத்துக்குப் பெயர் பெற்றிருந்தவர், இப்போது மெதுவாகவும் மென்மையாகவும் அறுவை செய்தார். ஒவ்வொரு இரத்தக் குழாயையும் கட்டி, திசுவை நோகாமல் கையாண்டு, அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை மாணவர்களுக்குக் கற்பித்தார். படிப்படியாகப் பொறுப்பை உயர்த்திப் பல ஆண்டுகள் பயிற்சி தரும் அவருடைய முறையே, இன்று உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் உருவாகும் முறைக்கு அடித்தளம்.

அறுவை அறையின் செவிலியர் கேரலைன் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினியால் புண்ணாயின. அவருக்காக ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்து தருமாறு கேட்டார். அவ்விருவரும் 1890இல் மணம் புரிந்தனர். உங்கள் வாயைப் பரிசோதிக்கும் மருத்துவர் அணியும் கையுறைக்கும் அக்கையுறைகளே முன்னோடி.

வெளியுலகம் கண்டது இவ்வளவே. மார்ஃபின் அவரை இறுதிவரை விடவில்லை என்பது மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது. உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் எழுதி மறைத்து வைத்த குறிப்பு 1969இல் வெளியான பிறகே அது பரவலாகத் தெரிந்தது. அளந்து எழுதுவதைப் பிறருக்குக் கற்றுக் கொடுத்தவர், தம் உடலில் செல்லும் மருந்தின் அளவை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.

1922இல் அமெரிக்கப் பல் மருத்துவர்களின் தேசிய அமைப்பு, நரம்புத் தடுப்பு முறையைக் கண்டறிந்தவர் ஹால்ஸ்டெட்டே என்று அறிவித்துப் பெருமைப்படுத்தியது. ஏறத்தாழ 38 ஆண்டுகள் தாமதமாக வந்த அந்த மதிப்பு அவருக்கு மகிழ்ச்சி தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், பித்தக்கல் அறுவைக்குப் பின் எழுந்த சிக்கல்களால் அவர் காலமானார். அந்த அறுவையைச் செய்தவர்கள் அவரிடம் பயின்ற மருத்துவர்களே.

இன்று உங்கள் மருத்துவர் போடும் கணக்கு

ஹால்ஸ்டெட்டின் காலத்தில் இல்லாத கணக்கு இன்று நம்மிடம் உள்ளது. அது கடினமானதன்று, நீங்களும் புரிந்துகொள்ளலாம்.

முதற்படி: மருந்தின் செறிவு. விழுக்காட்டை 10ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள மில்லிகிராம் கிடைக்கும். 2 விழுக்காடு லிக்னோகேய்ன் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம். 1.8 மில்லிலிட்டர் கொண்ட பல் ஊசிக் குழல் ஒன்றில் 36 மில்லிகிராம்.

இரண்டாம் படி: உடல் எடை. குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் உச்ச வரம்பு, ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராம் லிக்னோகேய்ன். எடை எவ்வளவாயினும் 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அட்ரினலின் சேர்ந்த மருந்துக்குப் பெரியவர்களுக்கு இதைவிட உயர்ந்த வரம்பை அனுமதிக்கும் நெறிமுறைகளும் உண்டு. எதைப் பின்பற்றுவது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

மூன்றாம் படி: வகுத்தல். 60 கிலோ எடையுள்ள பெரியவரை எடுத்துக் கொள்வோம். 60ஐ 4.4ஆல் பெருக்கினால் 264 மில்லிகிராம். அதை 20ஆல் வகுத்தால் 13.2 மில்லிலிட்டர். ஒரு பல் பிடுங்க அதில் சிறு பங்கே தேவைப்படும். இப்போது 12 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக் கொள்வோம். 12ஐ 4.4ஆல் பெருக்கினால் 52.8 மில்லிகிராம், அதாவது சுமார் 2.6 மில்லிலிட்டர். ஒரு குழல் மருந்தே அவ்வரம்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக் கொள்கிறது. இரண்டு குழல் என்றால் 72 மில்லிகிராம், வரம்பு மீறப்பட்டுவிட்டது.

எல்லாப் பற்களையும் இன்றே முடிக்கக் கேட்ட பெற்றோருக்கு விடை இங்குள்ளது. இடது, வலது, மேல், கீழ் என நான்கு புறமும் ஒரே நாளில் மரக்கச் செய்தால் அச்சிறு உடல் தாங்காது. இன்னொரு நாள் கூலி இழப்பு பெரிது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அந்த இரண்டாம் வருகைதான் உங்கள் குழந்தைக்கான பாதுகாப்பு. உங்களுக்கு ஏற்ற நாளையும் நேரத்தையும் தயங்காமல் கேளுங்கள்.

வயதைக் கொண்டு எடையை ஊகிப்பதும் தவறு. நான்கு வயதுக் குழந்தைகள் இருவரில் ஒருவர் 12 கிலோவும் மற்றவர் 17 கிலோவும் இருக்கலாம். எனவே அன்றைய எடையைப் பாருங்கள். எடை பார்க்கப்படவில்லை எனில் நீங்களே நினைவூட்டலாம். அது மருத்துவரை அவமதிப்பதாகாது.

மேலே தடவும் மருந்தும் கணக்கில் சேரும். 10 விழுக்காட்டு லிக்னோகேய்ன் தெளிப்பானை ஒரு முறை அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிகிராம் வெளிவரும். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் மரப்புக் களிம்பை நீங்களாகவே வாங்கித் தடவ வேண்டாம். அதனால் குழந்தைகளுக்கு வலிப்பும் மூச்சுச் சிக்கலும் நேர்ந்துள்ளன.

இதய நோயாளிகளுக்கு அட்ரினலின் அளவும் முக்கியம். நம் நாட்டில் பெரிதும் பயன்படும் 80,000இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 12.5 மைக்ரோகிராம் உள்ளது. இதய நோயாளிக்கு ஒரு வருகையில் 40 மைக்ரோகிராம் என்ற வரம்பைப் பின்பற்றினால், 3.2 மில்லிலிட்டருடன் நிறுத்த வேண்டும்.

மரக்கவில்லை என்றால்

கன்னம் வீங்கிச் சீழ் கட்டியுள்ள நிலையில் அவ்விடம் அமிலத் தன்மை அடைகிறது. அங்கு மருந்து சரியாக வேலை செய்வதில்லை. அப்போது இன்னும் இரண்டு ஊசி போட்டாவது இன்றே பிடுங்கிவிடுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். அளவு மீறுவது பெரும்பாலும் இத்தகைய நேரத்தில்தான். வீக்கத்திலிருந்து விலகி நரம்பின் அருகே ஊசி போடுவது, சீழை வெளியேற்றுவது, தொற்றைக் கட்டுப்படுத்திய பின் பிடுங்குவது என வேறு வழிகள் உள்ளன. ஊசி போட்ட பின் சில நிமிடங்கள் காத்திருப்பதும் மருந்து தன் வேலையைச் செய்வதற்காகவே. மருந்தைச் செலுத்தும் முன் மருத்துவர் ஊசியின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்துப் பார்ப்பார். முனை இரத்தக் குழாய்க்குள் இருக்கிறதா என்று அறியும் முயற்சி அது. நேரே இரத்தத்தில் சென்றால் சிறிதளவும் தீங்காகும்.

நாற்காலியில் அமரும் முன் சொல்ல வேண்டியவை

ஹால்ஸ்டெட் மறைத்தார். நீங்கள் மறைக்க வேண்டாம். கீழ்க்கண்டவற்றை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

• இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, கல்லீரல் நோய், சிறுநீரக நோய். லிக்னோகேய்னைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலே. அது பழுதுற்றால் மருந்து உடலில் நீண்ட நேரம் தங்கும்.
• நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள். புரோப்ரனலால் போன்றவை லிக்னோகேய்ன் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். மாத்திரை அட்டையையே எடுத்து வாருங்கள்.
• மது மற்றும் போதைப் பழக்கம். பல் வலி தாங்காமல் மது அருந்திவிட்டு வருவோரைக் காண்கிறோம். உங்களைக் கடிந்துகொள்வதற்காக இதைக் கேட்பதில்லை. அளவைக் கணக்கிடுவதற்கே கேட்கிறோம்.
• கருவுற்றிருத்தல், பாலூட்டுதல்.
• முன்பு ஊசி போட்டபோது மயக்கமோ தடிப்போ ஏற்பட்டது. அச்சத்தால் வந்த மயக்கமா, ஒவ்வாமையா என்பதை மருத்துவர் பிரித்தறிவார்.
• அன்றோ முந்தைய நாளோ வேறிடத்தில் மரப்பு ஊசி போட்டுக் கொண்டது.

மரப்பு ஊசிக்கு வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லை. முழு மயக்கம் கொடுக்கப்படும் எனச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, வழக்கம்போல் உணவருந்தி, வழக்கமான மாத்திரைகளையும் எடுத்துக் கொண்டு வாருங்கள். முதியவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் மருத்துவர் அளவை மேலும் குறைப்பார்.

எச்சரிக்கை அறிகுறிகள்

ஊசி போட்ட சில நிமிடங்களிலும், சில வேளைகளில் அரை மணி நேரம் கழித்தும், கீழ்க்கண்டவை தோன்றலாம்: ஊசி போடாத பக்கத்திலும் நாக்கும் உதடும் மரத்தல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்றல், பார்வை மங்கல், காரணமற்ற பதற்றம் அல்லது உளறல், தசைத் துடிப்பு. குழந்தை திடீரெனத் தூங்கி வழிவதும் எச்சரிக்கையே. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் தொடரக்கூடும். மருத்துவமனையில் உயிர்வளி கொடுத்தல், வலிப்பை அடக்குதல், தேவையானால் கொழுப்புக் குழம்பைச் சிரை வழியே ஏற்றுதல் ஆகிய சிகிச்சைகள் உள்ளன. எனவே சிகிச்சை முடிந்த பின்னும் அரை மணி நேரம் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் செல்லுங்கள். வீடு திரும்பிய பின் இவ்வறிகுறிகள் தோன்றினால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

உதட்டின் மரப்பு இரண்டு முதல் ஐந்து மணி நேரம் வரை நீடிக்கலாம். அதுவரை குழந்தை உதட்டையோ கன்னத்தையோ கடித்துக் கொள்ளாமல் அருகிலிருந்து பாருங்கள். சூடான உணவைத் தவிருங்கள்.

நிறைவாக

முறையாகக் கணக்கிட்டுப் போடப்படும் மரப்பு ஊசி மிகப் பாதுகாப்பானது. அதற்கு அஞ்சிச் சொத்தைப் பல்லை வைத்துக் கொண்டு வலியைப் பொறுத்திருப்பதே பெருந்தீங்கு. பேசின் பிரிட்ஜ் சுற்றுப்புற மக்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பழைய ஜெயில் சாலையிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலோ, தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஆலோசனை பெறலாம். ஹால்ஸ்டெட்டின் தலைமுறை தன் உடலை வருத்திக் கற்ற கணக்கை, இன்று ஓர் எடைக் கருவியும் உங்களுடைய ஒளிவற்ற விடைகளும் கொண்டு ஒரு நிமிடத்தில் போட்டுவிட முடிகிறது. அடுத்த முறை உங்கள் குழந்தையின் எடை கேட்கப்படும்போது, அந்த எண்ணை நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

இப்பக்கம் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக எழுதப்பட்டது. மருந்தின் அளவை முடிவு செய்பவர் உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே.